ஈயத் தகடு

பல்சக்கரத்தையும் தண்டையும் பொருத்தி, மிஷின் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள் அம்முலு. பம்பு உறுமியது. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சினால்தான் வேலை நடக்கும். காற்று இருந்தால் எலக்ட்ரான் கதிர் சிதறிப்போகும். காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கியதும் பொத்தானை அழுத்தினாள். மயிரிழைபோல் கதிர் பாய்ந்து இரண்டு இரும்பும் சேரும் விளிம்பில் விழுந்தது. வெல்டிங் ராடு கிடையாது. இரும்பே உருகி இரும்போடு ஒட்டிக்கொண்டது. கதிர் விளிம்பை விட்டு விலகாமல் போகிறதா என்று சன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பது அவள் வேலை.

சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி கீச்சென்று கத்தியது. கதிர் இரும்பில் மோதும்போது எக்ஸ்ரே கிளம்பும், அது வெளியே வந்தால் பெட்டி கத்தும் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். மிஷினை நிறுத்தினாள். ரிப்பேருக்கு வந்தவர்கள் சன்னலைச் சுற்றி எக்ஸ்ரேயைத் தடுக்க வைத்திருந்த ஈயத் தகட்டைக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டாமலே போயிருந்தார்கள்.

சூப்பர்வைசர் மோகன்குமார் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"பெட்டி கத்திக்கினே கீது சார். தகடு இல்ல."

"பழசு கிழிஞ்சிபோச்சி. புதுசு ஆர்டர் போட்டுக்கீது. வர்ற வரிக்கும் ஓட்டு." பெட்டியின் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

அம்முலு நகரவில்லை. "சார், நான் முழுகாம கீறேன். தகடு வர்ற வரிக்கும் பேக்கிங்ல போடுங்க."

அவர் குரல் தணிந்தது. "இத ஏம்மா எங்கிட்ட சொல்ற? கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான். நீ சொல்லல, நான் கேக்கல. போ."

சாலவாக்கத்தில் அவள் கணவன் தேவராஜ் கால் முறிந்து படுத்திருந்தான். அவள் காலி இரும்புத் தட்டு ஒன்றை எடுத்து வயிற்றுக்கும் மிஷினுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

மதியம், சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மோகன்குமார் முன்னால் ஓடி இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"கோட்டுக்கு அந்தாண்டயே நில்லுங்க சார். இங்க எக்ஸ்ரே வரும், சேஃப்டி."

தரையில் புதிதாக அடித்த மஞ்சள் கோடு இன்னும் காயவில்லை. வந்தவர்கள் ஷூவில் பெயிண்ட் படாமல் ஓர் அடி பின்வாங்கி நின்றார்கள். அம்முலு கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.