உலகம்மையின் மஞ்சப்பை

ஐந்தருவிக் கடைக்காரர்கள் நலச் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு எந்தக் காலத்திலும் போட்டி இருந்ததில்லை. தலைவருக்கு மாலை உண்டு, செயலாளருக்கு மைக் உண்டு. பொருளாளருக்கு உண்டானது சந்தேகம் ஒன்றுதான். அதனால் ஆளாளுக்கு நழுவிக்கொள்ள, கடைசியில் சிப்ஸ் கடை உலகம்மையின் தலையில் கட்டிவிட்டார்கள். புருஷன் காலமாகிவிட்டார், மகள் திருப்பூரில், கணக்கில் அவள் படு கறார். இதற்குமேல் என்ன தகுதி வேண்டும் என்று தலைவர் துல்கர்னைன் பாய் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். சம்பளமெல்லாம் கிடையாது. கூட்டத்தன்று குடிக்கிற டீக்குக்கூட அவள்தான் காசு கொடுத்தாள்.

சந்தா வசூலிப்பதும் பேங்குக்குப் போவதும் அவளுக்குப் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் வேறொன்று இருந்தது. சங்கத்தில் யார் இறந்தாலும் செய்தி வந்த கையோடு பொருளாளர் இருபதாயிரம் ரூபாயை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டு ஆளின் கையில் கொடுக்க வேண்டும். பந்தல்காரனும் சவப்பெட்டிக்காரனும் வந்து நிற்கிற நேரத்தில் துக்க வீட்டுக்காரர்கள் யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது என்று பழைய ஆட்கள் ஏற்படுத்தி வைத்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் என்ன ஆவாள் என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நாளாக ஆக, உலகம்மை மஞ்சப்பையோடு கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, "யாருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகக் கிண்டல் பண்ணியவள் அடுத்த கடை கிருபா. மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவள், உலகம்மையைவிட வயதில் இளையவள். இருவரும் மதியச் சோற்றை ஒரே டிபன் மூடியில் போட்டுச் சாப்பிடுவார்கள். ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள். கிருபாவுக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது.

"எக்கா, எங்க வீட்டுக்கு வாரப்ப மட்டும் புதுப்பையில கொண்டாங்க. இது ஒரே எண்ணெய்ப் பிசுக்கு."

"வாயக் கழுவுட்டி" என்று உலகம்மை அவள் முதுகில் ஓர் அடி வைப்பாள்.

சிரிப்பெல்லாம் சுடலைக்கண்ணு அண்ணாச்சியோடு நின்றுபோனது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மனிதர், அவரும் சங்கத்து ஆள்தான். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்க, உலகம்மை நாலு ஆரஞ்சை அந்தப் பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பாவி மகள், வேறு பை அவளுக்கு அன்று அகப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் வந்து நின்றதும் மனிதர் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பணத்தோடு அவள் துக்க வீட்டுக்குப் போனபோது, நன்றாக இருந்த மனுஷன் இவள் வந்து நின்றதைப் பார்த்துத்தான் போனார் என்று அவர் மனைவி ஊர் முன்னால் சொல்லி அழுதாள். துக்கத்தில் வருகிற வார்த்தையை யாரும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. உலகம்மை பிடித்து வைத்துக்கொண்டாள். அதன்பிறகு நோயாளி இருக்கிற எந்த வீட்டுப் படியையும் அவள் மிதிக்கவில்லை.

இந்த வருடம் சாரல் தொடங்குவதற்கு முன்பே கிருபா படுத்துவிட்டாள். ஈரலில் கட்டி. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கொஞ்ச நாளில் அங்கேயும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடையை மூடிப்போட உலகம்மைக்கு மனம் வரவில்லை. சிப்ஸோடு கிருபாவின் பழங்களையும் சேர்த்து விற்றாள். கிருபாவின் புருஷன் ஜஸ்டின் காலையில் பழப்பெட்டிகளை பைக்கில் கொண்டுவந்து இறக்குவான், சாயங்காலம் வந்து காசை வாங்கிக்கொண்டு போவான். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் "கொஞ்சம் தேவல" என்பான். அவன் முகத்தைப் பார்த்தால் தேவலையாகத் தெரியாது.

ஒருநாள் உலகம்மை, கடையடைத்ததும் இலஞ்சியில் வீட்டுக்கு வந்து கிருபாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஜஸ்டின் அவள் முகத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே அடுக்கியிருந்த பழங்களை மறுபடியும் அடுக்கினான்.

"இப்ப வராண்டாம் எக்கா. பயந்துருவா. கொஞ்சம் தேறட்டும், நானே சொல்லுதேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவன் கெஞ்சுகிற மாதிரி அல்லவா சொன்னான். சரிப்பா என்று அவள் சிப்ஸ் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணெய் காந்துகிறதே என்று வாங்க வந்தவர்கள் சொன்ன பிறகுதான் அடுப்பைத் தணித்தாள்.

அன்றைக்கே துல்கர்னைன் பாயைப் போய்ப் பார்த்தாள். வேறு ஆளைப் போடுங்கள், எனக்குப் பொருளாளர் வேலை வேண்டாம் என்றாள். காரணம் கேட்ட பாய், அவள் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் சீசன் நேரத்தில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள், ஆவணி பிறக்கட்டும் என்றார். அவள் விடவில்லை, கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஒருவருக்கு வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், ஒருவருக்குக் கணக்கே வராதாம். தினமும் ஆயிரம் பேருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறவருக்குக் கணக்கு வராது! துக்க வீட்டுக்குப் பை போய்ச் சேர வேண்டும், தூக்கிக்கொண்டு போகிறவர் மட்டும் தாங்களாக இருக்கக் கூடாது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, போலீஸ் கயிறு கட்டிவிட்டது. வாங்க ஆளில்லாமல் ரம்புட்டான் கறுத்துப்போனது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் உலகம்மை கடையைச் சாத்திவிட்டு இலஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டாள். கையில் பை இல்லை. பர்ஸைக்கூடக் கடையிலேயே வைத்துவிட்டு, டிக்கெட்டுக்குக் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். கிருபா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் கால் எழவில்லை. ஜஸ்டின் என்ன சொல்வானோ என்ற பயமில்லை அது. தன்னைப் பார்த்ததும் கிருபாவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால்? மற்றவர்கள் திருப்பிக்கொள்ளட்டும், தாங்கிக்கொள்ளலாம். அவள் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்? நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

ஆவணி பிறந்தது. கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒருநாள் காலையில் பழப்பெட்டி வரவில்லை. ஜஸ்டினுக்கு போன் பண்ணலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாயின் போன் வந்தது.

"கிருபா போயிட்டாம்மா. பைய எடுத்துக்கிட்டு வந்துரு."

அழுகை வரவில்லை. பேங்குக்குப் போனாள், பணத்தை எடுத்தாள். பழைய பையை எடுக்கக் கை போனபோதுதான் கிருபா சொன்னது நினைவுக்கு வந்தது. தென்காசி பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போய், ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, அதோடு ஒரு புது மஞ்சப்பையைக் கேட்டு வாங்கினாள். பணத்தை எண்ணி அதில் போட்டுக்கொண்டாள்.

இலஞ்சியில் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பாய் முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜெபப் பாட்டுக் கேட்டது. ஜஸ்டின் வாசலில் நின்றான். அவள் அவன் பக்கம் போவதற்குள் கிருபாவின் மகள் ஷாரோன் உள்ளேயிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காலேஜ் போகிற பிள்ளை, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏன் பெரியம்மா வரவே இல்ல?"

உலகம்மை அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அம்மா தெனமும் ஒங்களத்தான் கேட்டாங்க. பைய வாசல்ல வச்சிட்டு உள்ள வரச் சொல்லு, எனக்கு ஒரு பயமும் இல்லன்னு சொல்லுன்னாங்க. அப்பா ஒங்ககிட்ட சொல்லலையா?"

உலகம்மை ஜஸ்டினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் எக்கா பயந்தேன்" என்றான்.

அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஒரு கணம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. பெண்டாட்டி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தான், வேறென்ன செய்தான் பாவம். அன்றைக்குத் தெருமுனையில் அவளைத் திரும்பிப் போ என்று அவனா சொன்னான்? மழையில் நின்றவளை அந்த ஜன்னலுக்கு உள்ளே ஒருத்தி தேடிக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள். அப்போதுதான் உலகம்மைக்கு அழுகை பீறிட்டு வந்தது.

வழக்கப்படி ஜஸ்டின் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. குனிந்து, வாசல்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பையை வைத்தாள்.

"கையில குடுக்கணும்லாம்மா" என்று பாய் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கிருபாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். உலகம்மை வெறுங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏட்டி கிருபா, புதுப்பைதான். வாசல்லயே வச்சிட்டேன்" என்றாள்.