எல்லாவற்றுக்கும் இல்லை

படிவம் நிரப்புவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று தம்பிராஜாவுக்கு ஒரு மண்டைக்கனம். இருக்காதா பின்னே? தபால் கந்தோரில் எழுத்தர்களுக்குத் தலைவராய், பிரதம லிகிதராய்க் குப்பை கொட்டியவர். ஓய்வூதியக்காரருக்கு அரசாங்கம் வைத்தியக் காப்புறுதி கொண்டுவருகிறது என்ற செய்தி கட்டுகஸ்தோட்டைக்கு எட்டியதும், தனியாள் திட்டமா, தம்பதியர் திட்டமா என்று மூன்று வாரம் ஆராய்ந்தார். ஆராய என்ன மண்ணாங்கட்டி இருந்தது? மனைவி பத்மாதேவிக்கு இருதய வால்வு பழுது. ஒப்பரேஷன் செய்தே ஆகவேண்டும். தம்பதியர் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பெரும்பகுதி கிடைக்கும். சேராவிட்டால் அவளைக் கடவுள்தான் பார்க்கவேண்டும். ஆராய்ச்சியில் நாளைத் தொலைத்த மேதாவி, பதிவின் கடைசி நாளன்றுதான் அவளையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினார்.

கண்டியில் குண்டு வெடித்த வருடம் அது. வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். வீட்டில் வெளியாட்கள் தங்கியிருக்கிறார்களா? இல்லை. வடக்கிலிருந்து யாரும் வந்தார்களா? இல்லை. எண்பத்துமூன்று கலவரத்திலிருந்தே தம்பிராஜாவுக்கு இது பழக்கம். காக்கிச்சட்டை வாயைத் திறக்குமுன்பே இவர் வாயில் 'இல்லை' தயாராக இருக்கும்.

ஓய்வூதியக் கந்தோரில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். சிங்களம்தான் இருந்தது.

"வாசிச்சுக் காட்டவா ஐயா?" என்று மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த லிகிதர் றலியா கேட்டாள். பக்கத்து ஊர் மடவளை முஸ்லிம் பெண், மரியாதை தெரிந்தவள்.

"வேண்டாம் பிள்ளை. நான் சிங்களச் சோதினை பாஸ் பண்ணினவன்."

மூன்றாம் தடவைதான் பாஸ் பண்ணினார் என்பதைச் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பத்மாதேவி பார்த்துவிடுவாளே என்ற வெட்கத்தில், படிவத்தை மேலோட்டமாகப் பார்த்தார். கேள்விகள் எல்லாம் வழக்கமான கேள்விகள்போலவே தெரிந்தன. பேனா தன்பாட்டில் 'இல்லை' என்ற கட்டங்களைத் தேடிப் புள்ளடி போட்டுக்கொண்டு போனது. கம்பீரமாகக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.

றலியா படிவத்தைப் பார்த்தாள். அவருடைய முகத்தையும் பார்த்தாள்.

"ஐயா, எல்லாத்துக்கும் இல்லண்டு போட்டிருக்கீங்களே. உங்களுக்கு மனைவி இருக்காவா? இல்ல. தம்பதியர் திட்டத்துல சேர விருப்பமா? இல்ல."

"அப்ப நான் ஆர்?" என்றாள் பத்மாதேவி. "இவரோடை பஸ்ஸிலை வந்த பக்கத்து வீட்டுக்காரியோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பிராஜாவால் சிரிக்க முடியவில்லை. ஒரு கையெழுத்தில் அவளைக் கொல்லப் பார்த்தோமே! பெரிய பிரதம லிகிதர்! கதிரையில் உட்கார்ந்து, "நீரே வாசியும் பிள்ளை" என்றார்.

றலியா புதுப்படிவம் எடுத்தாள். மனைவி உண்டு. தம்பதியர் திட்டம். பத்மாதேவியின் இருதய வருத்தத்தைச் சொல்ல அவர் தயங்கியபோது, "மறைச்சாத்தான் பிறகு காசு தரமாட்டாங்க" என்று அதையும் எழுதினாள்.

"உங்களுக்கு ஏதும் நோய் இருக்கா ஐயா?"

"இல்லை."

"சீனி வருத்தம் எண்டு எழுதுங்கோ பிள்ளை" என்றாள் பத்மாதேவி. "டொக்டர் குடுத்த குளிசையைப் பழைய சப்பாத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறார். சீனி விலை ஏறிப்போச்செண்டு சொல்லி, ரெண்டு வருசமா நான் சீனி போடாத தேத்தண்ணிதான் குடுக்கிறன்."

அவளுடைய இருதயத்துக்கு இந்தக் கவலை வேண்டாம் என்றுதான் மறைத்தார். அந்தத் தேத்தண்ணிக்காக அவளைக் கஞ்சப்பிசினாறி என்று திட்டியும் இருக்கிறார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது.

"வேறை என்ன இருக்கு?"

கேட்டது றலியா அல்ல, பத்மாதேவி.

வழக்கமான பதில் வாய்வரை வந்தது. விழுங்கினார்.

"இடைக்கிடை நெஞ்சும் நோகுது, பத்மா."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். றலியா அதையும் எழுதினாள்.