பத்து நிமிடத்தில் ஓர் எண்

இரண்டு வருடமாக அவளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலைதான். அதற்கு முன் அங்கேயே பரிசோதகராக இருந்தாள். சுத்திகரித்து அனுப்பிய கழிவுநீரில் கிருமி இருப்பதாக மருத்துவமனைச் சலவையகம் புகார் செய்தது. கிருமியைக் கொல்லும் குளோரினைக் குறைத்தது மேலாளர். 'மாதிரி எடுத்தவர் கை சுத்தமில்லை' என்று அறிக்கை எழுதியதும் அவரே. அன்றிலிருந்து அவள் பெயர் 'அழுக்குக்கை'.

இப்போது புதுக் கருவி வந்திருந்தது. தட்டில் கிருமி வளர இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. குழாயிலிருந்து தானே நீரை இழுத்து, பத்து நிமிடத்துக்கொரு முறை கிருமிகளை எண்ணித் திரையில் காட்டும். சலவையக அதிகாரி முன்னால் வெள்ளோட்டம். எண் பூஜ்ஜியமாக வர வேண்டுமென்று, குளோரினை மூன்று மடங்கு ஏற்றச் சொன்னார் மேலாளர். குளோரின் பம்ப்பைப் பார்ப்பவர் அவளுடைய அக்கா கணவர்.

"எழுத்துல வாங்கிட்டீங்களா மாமா?"

"வாங்கிட்டேன். நீ ஏன் லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிற?"

"கருவியோட புத்தகத்த நான் ஒருத்திதான் படிச்சேன். குளோரின திடீர்னு ஏத்தினா குழாய்க்குள்ள படிஞ்ச கிருமி வழவழப்பு பூரா பேந்து வரும். இந்த மிஷின் செத்த கிருமியையும் சேத்து எண்ணும்."

"அடிப்பாவி! அவர்கிட்ட சொல்லலையா?"

"மாட்டேன். சலவையகத்துக்குப் போற வால்வ மட்டும் மூடிடுங்க. அங்க யாரும் அவஸ்தைப்பட வேணாம்."

முதல் எண் ஒன்பதாயிரம். அடுத்தது நாற்பதாயிரம். மேலாளரின் காலர் நனைந்தது.

"மாதிரி எடுத்ததுல ஏதோ தப்பு சார்" என்றார்.

"யாரு எடுத்தா? குழாய்லேருந்துதானே நேரா வருது?" என்றார் அதிகாரி.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, மேலாளர் காலையில் எழுதிக் கொடுத்த உத்தரவையும், அவர் குளோரினைக் குறைத்ததைக் காட்டும் இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டையும் மேசையில் பிரித்து வைத்தாள். அதிகாரி இரண்டையும் நிதானமாகப் படித்தார். பழைய புகாரை மறுபடி விசாரிக்கப்போவதாகவும், அதுவரை சலவையகத்துக்கு வரும் அறிக்கை எதிலும் மேலாளர் கையெழுத்துப் போடக் கூடாதென்றும் சொன்னார்.

"இப்படி ஆகும்னு முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மேலாளர் தணிந்த குரலில். அவர் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுவே முதல்முறை.

"பாட்டில் கழுவுறவகிட்ட நீங்க கேக்கல சார்."

திரையில் அடுத்த எண் வந்தது. எழுபத்திரண்டாயிரம். அவள் அதை அறை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள்.