ஓடைப் பள்ளத்துக் குஞ்சுகள்

முதல் மழைக்கு ஓடையில் தண்ணீர் புரண்டு வந்ததும் குளத்துக் கெண்டைகள் வயிறு நிறைய முட்டையோடு எதிர்த்து ஏறின. குளத்து மீனை ஏலம் எடுத்திருந்த மகாராஜன் வலையோடு இறங்கினான். அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் குறுக்கே நின்றாள்.

"சினை மீனைப் பிடிக்காதீய. முட்டை போட்டுட்டு இறங்கட்டும். அடுத்த மழைக்குக் குஞ்செல்லாம் நம்ம குளத்துக்குத்தான் வரும்."

"வரலைன்னா நீதான் முட்டை போடணும், பாத்துக்க," என்று வலையைச் சுருட்டினான்.

அடுத்த மழை வரவில்லை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இடி இடித்ததோடு சரி. பெரிய மீன்கள் வெள்ளம் வடியும்போதே இறங்கிவிட்டன. ஓடை அறுந்து, பாறையடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. அதற்குள் சீரகம் சீரகமாகக் குஞ்சுகள். மத்தியானம் பேச்சித்தாய் கையை விட்டுப் பார்த்தாள். குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது. குஞ்சுகள் பாறை நிழலில் ஒண்டிக் கிடந்தன.

ஓடைக்கரைத் தோட்டத்து மகபூப் பீவியிடம் ஓடினாள்.

"மைனி, மோட்டாரைக் கொஞ்சம் போடுங்க. குஞ்செல்லாம் வெந்துரும்."

"மீனுக்குத் தண்ணி பாய்ச்சுத மொத ஆளு நீதான்ட்டி. எம் மொளகாச் செடி கோவிச்சுக்கிடப் போவுது," என்று சிரித்துக்கொண்டே பீவி சுவிட்சைத் தட்டினாள்.

மேலிருந்து தண்ணீர் விழுந்தால் குஞ்சுக்கு அடிபடுமென்று பேச்சித்தாய் ரப்பர் ஓஸ் குழாயைப் பள்ளத்தின் அடியிலேயே அமுக்கிப் பிடித்தாள். போர்வெல் தண்ணீர் சில்லென்று ஏறியது. அவளுக்கு மனசும் குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

"பசிக்கோ, மைனி?"

பீவி பதில் சொல்லுமுன் ஒன்று சாய்ந்தது. பிறகு கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. தண்ணீர்மேல் தவிடு தூவியதுபோல வெள்ளை வயிறுகள்.

"நிறுத்துங்க மைனி! நிறுத்துங்க!"

சத்தம் கேட்டு மகாராஜன் குளத்துக்கரையிலிருந்து ஓடிவந்தான். ஓஸைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பூமிக்குள்ள கெடந்த தண்ணில காத்து இருக்காதுட்டி. வாய்க்கால்ல ஓடவிட்டு, வெயில்பட்டுல்லா உடணும். மீன்பண்ணைக்காரன் எங்கிட்டச் சொல்லியிருக்கான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா சிரிப்பீய."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிப் பள்ளத்தில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தான். அடித்தால் காற்று கலக்குமாம். பேச்சித்தாயும் எதிரே இறங்கி அடித்தாள். செத்த குஞ்சுகள் அவள் முழங்காலில் ஒட்டின. நுரைக்கு நடுவே சில கரும்புள்ளிகள் ஓடுவது போலிருந்தது. கையை எடுத்தால், உயிருள்ள குஞ்சுகளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அவள் எடுக்கவில்லை.