குறட்டை நின்ற சாட்சி

பெருங்களத்தூரில் டைல்ஸ் கடை மாடியில் நடக்கும் அந்தச் சபையில் அசரியாவின் குறட்டையை அறியாதவர் இல்லை. பிரசங்கம் சூடுபிடிக்கும்போது அவன் தலை தொங்கும். பிறகு மரம் அறுக்கும் சத்தம். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் வாய்க்குப் போகும். ஒருமுறை பாஸ்டர் சத்தியநாதன் பாதியில் நிறுத்தி, "நம்ம பிரதர் அசரியா நமக்கு முன்னாடியே பரலோகம் போயிட்டார்" என்றார். கூடம் குலுங்கியது. விழித்துக்கொண்ட அசரியா எதற்கென்றே தெரியாமல் தானும் சிரித்தான். அவன் மனைவி ஜான்சி மட்டும் வேதப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தூக்கத்தின் ஆவி பிடித்திருக்கிறது என்று முடிவாயிற்று. உபவாச ஜெபத்தில் மண்டியிட வைத்து, தலையில் எண்ணெய் தடவி, கூட்டமாகக் கை வைத்து ஜெபித்தார்கள். அந்த வாரம் ஓரிரு நாள் உடம்பு கொஞ்சம் தெளிவாக இருந்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தான். அந்தச் சபையில் குணமானவன் எழுந்து சாட்சி சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதவன் நன்றி கெட்டவன்.

"அந்த ஆவி என்னை விட்டு ஓடிப்போச்சு. குறட்டை இல்ல. வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகறதில்ல" என்றான். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கைதட்டல் நிற்கவே நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சோற்றில் கை வைத்தபடி தூங்கிப்போனான். ஜான்சி தட்டை எடுத்துப்போனாள். ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவன் சபையில் உட்காருவதை விட்டுவிட்டான். கீழே நின்று வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கினான். வெயிலில் நின்றால் தூங்க முடியாது. ஜனங்கள் அதை ஊழியம் என்று மெச்சினார்கள். "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்று யார் கேட்டாலும், "ஸ்தோத்திரம், சுகம் அப்படியே நிக்குது" என்பான். மறைமலைநகர் கம்பெனிக்குப் பைக்கில் போகும்போது ஜிஎஸ்டி ரோட்டில் கண் சொருகி, பக்கத்து பஸ்ஸின் ஹாரனில் முழித்த காலை நேரங்களைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் அவனுடைய கடைவாய்ப் பல் பிளந்துகொண்டது. ஜான்சிதான் அவனை சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்த பல் மருத்துவர் சுஜியிடம் இழுத்துப்போனாள். மரத்துப்போகும் ஊசி போட்டு, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார் டாக்டர். நாற்காலி சாய்ந்திருந்தது, ஏசி ஓடியது. கண் திறந்தபோது டாக்டர், உதவிக்கு இருந்த பெண், ஜான்சி மூவரும் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், குறட்டை விட்டீங்க. திடீர்னு மூச்சே வரல. அப்புறம் திணறி இழுத்தீங்க" என்றார் டாக்டர் சுஜி. "வீட்லயும் இப்படித்தானா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். டயர்டு."

"இப்படித்தான்" என்றாள் ஜான்சி. "தினமும். மூச்சு நின்னா விலாவுல இடிப்பேன். இடிச்சாத்தான் வரும். நான் தூங்கி வருஷமாச்சு."

டாக்டர் அவன் வாயை மறுபடி திறந்து பார்த்தார். பற்களின் முனை தேய்ந்திருந்தது, ராத்திரி கடிப்பதால். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம். உள்நாக்குப் பக்கம் வழி குறுகலாக இருந்தது. "படுத்தா தொண்டை தளர்ந்து அடைச்சுக்குது. மூளை பயந்து எழுப்புது. அதான் பகல்ல தூக்கம். எனக்குச் சந்தேகம்தான், பல் டாக்டர் இதை முடிவு பண்ணக்கூடாது. நுரையீரல் டாக்டருக்கு எழுதித் தர்றேன். தூங்கும்போது ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. வண்டி ஓட்டறீங்களா?"

அசரியா கூரையைப் பார்த்தான்.

"ஓட்டறார்" என்றாள் ஜான்சி.

"டெஸ்ட் முடியற வரைக்கும் வேணாம் சார். ட்ரெயின்ல போங்க."

டெஸ்டில் மூச்சு நிற்பது உறுதியாயிற்று. ஆனால் கடுமையான நிலை இல்லை. அவனுக்குப் பல் தட்டு போதும் என்று நுரையீரல் டாக்டர் சொன்னார். சுஜி அளவெடுத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் மாட்டும் ஒரு தட்டு செய்து கொடுத்தார். அது கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடித்து, தொண்டையைத் திறந்து வைக்கும். முதலில் தாடை வலித்தது, எச்சில் ஒழுகியது. கொஞ்ச நாளில் பழகியது. மறுபடி எடுத்த டெஸ்டும் நன்றாக வந்தது. ஒரு காலை எழுந்தபோது தலை கனக்கவில்லை. பக்கத்தில் ஜான்சி வாயைத் திறந்து செத்தவள் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

அடுத்த ஞாயிறு உள்ளே வந்து உட்கார்ந்தான். அன்றைக்குச் சாட்சி சொல்ல எழுந்தவன் சம்பத். கூடுவாஞ்சேரியில் தண்ணி லாரி ஓட்டுகிறவன், சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், கழுத்தே தெரியாத உடம்பு.

"எனக்கும் அதே தூக்க வியாதிதான். ரொம்ப முத்திப்போச்சுன்னு டாக்டரு மூஞ்சில மாட்டிக்கினு தூங்கற மிஷின் குடுத்தாரு. பேஜாரு. அசரியா பிரதர் சாட்சியைக் கேட்டேன். அவருக்குப் போச்சுன்னா எனக்கும் போவும்னு மிஷினை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன். விசுவாசம்!"

"அல்லேலூயா!" என்றது கூடம். "பிரதர் அசரியா, வந்து சம்பத் தலையில கை வைங்க" என்றார் பாஸ்டர்.

அசரியா எழுந்தான். கை வைக்கவில்லை. சம்பத்தின் முழங்கையைப் பிடித்து, படி வழியாகக் கீழே கூட்டிப்போனான். கடை வாசலில் தண்ணி லாரி நின்றது.

"எனக்குப் போகல சம்பத். பொய் சொன்னேன். இப்ப வாய்ல தட்டு மாட்டிக்கிட்டுத் தூங்கறேன். நீ அந்த மிஷினை இறக்கு. இந்த வண்டியைத் தொடாதே."

"இன்னாண்ணா, காமெடி பண்றியா?" சம்பத் அவன் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கி மைக்ல அப்டி அழுதியே."

"அழுதேன்."

"நேத்து ஊரப்பாக்கத்துல ஸ்கூட்டில போன ஒரு பொம்பளையை ஒரசிட்டேன். கூட கொழந்த. நூலிழைல தப்பிச்சாங்க. அப்பகூட இன்னா நெனச்சேன் தெரியுமா? உன்னியமாரி எனக்கு விசுவாசம் பத்தலன்னு." அவன் முழங்கையை விடுவித்துக்கொண்டான். "பொய்ய மைக்ல சொல்வ, நெசத்த மட்டும் என் காதுல சொல்லுவியா? மேல என்னியமாரி இன்னும் எத்தினி பேரு கீறாங்களோ."

மேலே காணிக்கைப் பாட்டு தொடங்கியிருந்தது. அசரியா படியேறினான். பாட்டு முடியும்வரை மைக் பக்கத்தில் நின்றான். பாஸ்டர் சிரித்தபடி மைக்கை நீட்டினார்.

"எனக்குக் குணமாகல. குணமாச்சுன்னு நான் சொன்னது பொய். என்ன வியாதின்னு பல் டாக்டர்தான் கண்டுபிடிச்சாங்க. மருந்தையோ மிஷினையோ என் பேச்சைக் கேட்டு யாராவது நிறுத்தியிருந்தா, இன்னிக்கே திரும்ப எடுங்க."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில், "ஆமென்" என்றார்கள். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது விரல்கூடப் படவில்லை. ஜான்சியின் பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அவன் இறங்கி வந்தபோது சம்பத் லாரிச் சக்கரத்தின் மேல் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"லோடுக்கு வேற ஆளப் போடு ஓனரு... இல்ல, காச்சல்லாம் இல்ல... தூக்கம். ஓட்டச்சொல்லவே தூங்கிப்புடறேன்... ஆமா, ரொம்ப நாளாவே."

அசரியா எதிரில் வந்து நின்றான். சம்பத் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிர்முனையின் வசவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.