தீபலட்சுமிக்கு முளைத்த பல்

சுவரை மூடியிருந்த துணியை இழுத்ததும் சரிதா ஓரடி முன்னால் போய் உற்றுப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டை தெருமுனைச் சுவரில் அவள் வரைந்து முடித்தது ஒரு படம். இப்போது துணிக்கு அடியிலிருந்து வந்தது வேறு படம்.

அவள் வரைந்தது தீபலட்சுமியை. தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே பேக்கிங் மேசை. படத்தில் தீபலட்சுமி ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை அமுக்கிக்கொண்டிருப்பாள். நெற்றியில் கம்பெனித் தொப்பியின் எலாஸ்டிக் அழுத்திய கோடு. மூடிய வாய். அந்த வாய் சரியாக வரும்வரை சரிதா அழித்து அழித்து வரைந்தாள்.

சுவரில் இருந்தவளோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நெற்றிக் கோட்டைக் காணோம். தலை நிறைய மல்லிகை. செருப்பு கிடந்த இடத்தில் பூக்கூடை.

"ஏய், எனக்கு எப்படி இவ்ளோ பல்லு மொளச்சிது?" என்றாள் பக்கத்தில் நின்ற தீபலட்சுமி. "பல்பொடி வெளம்பரத்துக்கு நிக்கிறவ மாதிரி இருக்கேன்."

"நான் போடலடி."

"பின்ன இன்னா, அதுவா மொளச்சிதா?"

போட்டவர் ரேமோன். பிரெஞ்சு பாஸ்போர்ட் குடும்பம். பாதி வருஷம் பாரீஸ், பாதி வருஷம் பாண்டி. எல்லோரும் அவரை 'முசியே' என்பார்கள், பிரெஞ்சில் 'ஐயா'. இங்கே இருக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் ஊர்க்காரர்களுக்கு இலவச ஓவியப் பட்டறை நடத்துவார். யார் வரைந்தாலும் கடைசி மெருகு அவருடையது, அதுதான் அங்கே வழக்கம். காகிதத்தில் அவர் கை வைத்தபோதெல்லாம் சரிதா வாயைத் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு முதல் பிரஷ் கொடுத்ததே அவர்தான். இதுவும் படிப்பு என்று நினைத்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் தன் கன்னத்திலேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது.

சுவரைத் திறக்கும் நாளில் வரைந்தவர்கள் விருந்தாளிகள் முன்னால் தங்கள் படத்தடியில் பெயர் எழுத வேண்டும். அது முடிந்ததும் ஒருவரைக் கடற்கரைப் பக்கம் ரேமோனும் சேர்ந்து நடத்தும் பெரிய பட்டறைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தடவை நீதான் என்று ரேமோன் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் சரிதாவுக்கு அதே நினைப்பு.

"சரிதா, வாம்மா!" கறுப்பு பெயின்ட் டப்பாவோடு அவரே கூப்பிட்டார்.

பக்கத்தில் போய் அடிக்குரலில் கேட்டாள். "ஏன் முசியே சிரிக்க வச்சீங்க?"

"பாக்க வர்றவங்களுக்கு சந்தோஷம் வேணாமா? உன்னோடது ரொம்ப சோர்வா இருந்துச்சு."

"நாள் பூரா நின்னவ சோர்வாத்தான் இருப்பா."

"கொஞ்சம் டச் அப். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். "பெரிய பட்டறைக்கு உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். மறந்துடாதே."

"மறக்கல. பிரஷைக் குடுங்க."

பிரஷை வாங்கி டப்பாவில் தோய்த்தாள். படமெடுக்க விருந்தாளிகளின் போன்களெல்லாம் மேலே எழும்பின. பூக்கூடைக்குக் கீழே, தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்: ரேமோன்.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"இன்னா பண்றே நீ? எதுக்கு என் பேரு?"

"நீங்க போட்ட படம்தானே முசியே. என்னோடது அடியில கெடக்குது."

"அப்ப அந்தப் பட்டறையை மறந்துடு."

"அங்கேயும் நீங்கதானே மெருகு போடுவீங்க?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அவரைத் திட்டினாள், மல்லிகைப் பூவைத் திட்டினாள், இத்தனை நாள் மூடிக்கிடந்த தன் வாயைத் திட்டினாள். போனது போனதுதான், அந்தப் பட்டறை இனி இல்லை. அழுகை வந்தால் அதையும் திட்டுவாள் போலிருந்தது.

"பிரஷைத் தூக்கிகினு வந்துட்டியேடி," என்றாள் கூடவே வந்த தீபலட்சுமி.

அப்போதுதான் கையைப் பார்த்தாள். கறுப்பு காயத் தொடங்கியிருந்தது.

"கழுவு. காஞ்சா குச்சியாயிடும்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். சரிதா பிரஷைப் பிடிக்க, தீபலட்சுமி ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் இருவர் காலடியிலும் ஓடியது.

பஸ் வரவில்லை. தீபலட்சுமி உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அமுக்கினாள். சரிதா பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டையும் பேனாவையும் எடுத்தாள்.

"மறுபடியுமா? இந்தத் தடவை சிரிக்கட்டுமா?"

"சிரிச்சே, கொன்னுடுவேன்."