பூ வரைந்த பனிவாரி

"வாசல்ல துடைப்பத்தைத் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு!" என்று கத்தினார் கோட்ஃப்ரீட்.

"இது உங்க வீட்டு வரவேற்பறை இல்லைங்க. உசுரு பொழைக்க ஓடி வர்ற குடிலு!" என்று அதைவிட உரக்கக் கத்தினாள் சென்ஸி.

சண்டை ஒரு பனிவாரிக்காக. மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், பனியில் மாட்டிக்கொண்டவர்கள் ஒதுங்குவதற்கென்றே பூட்டில்லாமல் நிற்கிறது அந்தக் குடில். பனி அள்ளும் வாரியைக் கூரையோரமாக வெளிச்சுவரில்தான் சென்ஸி மாட்டி வைப்பாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்தக் குடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்றுதான். சம்பளம் கிடையாது, ஆனாலும் அதன்மேல் ஊரில் எத்தனை கண்கள்!

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகர வங்கியில் ஓய்வு பெற்று, குடிலை நடத்தும் மலைச்சங்கத்துக்குத் தலைவரானவர் கோட்ஃப்ரீட். விறகை அடுக்கினால் ஒரு கட்டைகூடத் துருத்தக்கூடாது அவருக்கு. சங்க நாட்காட்டிக்குக் குடிலைப் படம் பிடிக்க வந்தார். துருப்பிடித்த பனிவாரி கண்ணை உறுத்திவிட்டது.

"உள்ளே அடுப்புக்கு மேல மாட்டிட்டேன். பூவெல்லாம் வரைஞ்சிருக்கேன், பாத்தியா?" என்றார் கோட்ஃப்ரீட்.

"ரொம்ப அழகு. பனி வந்து கதவை மூடினா, வெளியே நிக்கிறவன் எதை வச்சுத் தோண்டுவான்? மூக்கை வச்சா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. வசந்தக் கூட்டத்துல வேற ஆளைப் போடச் சொல்றேன்."

இருக்கிற வேலையும் போய்விடுமே என்று சென்ஸி பனிவாரியை உள்ளேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

பிப்ரவரியில் ரொட்டிக்கடை லோனியைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போனார் கோட்ஃப்ரீட். பூவைக் காட்டத்தானாம்! ஊரே நம்பியது, பாவம். சென்ஸியும் சும்மா இல்லை; சமையலறையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குடிலுக்குப் போனவர்கள் முதலில் அடுப்பு மூட்டுவார்கள், புகை வரும். இரண்டு புள்ளிகள் போய்ச் சேர்ந்தன. புகையைக் காணோம். மேகம் இறங்கி மலையை மறைத்தது.

மீட்புக்குழுவின் கொர்பினியனுக்கு உடனே போன் போட்டாள். "ரெண்டு வாரி எடுத்துக்கப்பா. அங்க இருக்கிறது அலங்காரத்துக்கு."

அவளும் கூடவே ஏறினாள். மேலே பனி கதவை உச்சி வரை மூடியிருந்தது. சன்னல் பலகையும் உள்ளே தாழிட்டிருந்தது. அதுவும் தலைவர் ஏற்பாடு. லோனி சறுக்குக்கட்டையால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கோட்ஃப்ரீட் நீலமான உதடுகளோடு அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூவைப் பாத்தியா லோனி?" என்றாள் சென்ஸி.

"இவரோட உபதேசத்தைத்தான் கேட்டேன்," என்றாள் லோனி, பல் தந்தியடிக்க. கொர்பினியன் தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டான். போட்ட கையை எடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமானது.

பனியைத் தோண்டிக் கதவைத் திறந்து, அடுப்பு பற்றியதும் கோட்ஃப்ரீட் தானே பனிவாரியைக் கழற்றிக் கொண்டுபோய் வெளியே மாட்டினார். கொஞ்சம் கோணலாக. நேராக்கக்கூட இல்லை.

வசந்தக் கூட்டத்தில் சென்ஸியே தொடரட்டும் என்று முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.

இலையுதிர் காலத்தில் லோனி கொர்பினியனைக் கட்டிக்கொண்டாள். கோட்ஃப்ரீட் வீட்டை விற்றுவிட்டு, மலையே இல்லாத ஊரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அங்கே பால்கனியில் விறகை அடுக்கிக்கொண்டிருக்கிறாராம். பூ மட்டும் இங்கேயே, வெளிச்சுவரில், எல்லாரும் பார்க்கும்படி.